டைஃபாய்டும் பித்தப்பையும்: மருந்தா, ஆபரேஷனா?

1907இல் நியூயார்க்கில் மேரி மலான் என்ற சமையல்காரப் பெண்ணைப் பிடித்து நார்த் பிரதர் தீவில் தனியாக வைத்தார்கள். அவர் வேலை பார்த்த வீடுகளில் டைஃபாய்டு அடுத்தடுத்து வந்தது. அவருக்கோ ஒரு குறையும் இல்லை. பித்தப்பையை எடுத்துவிட்டால் கிருமி போகும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் மறுத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆன்டிபயாடிக்கே இல்லாத காலத்தில், நன்றாக நடமாடுகிற ஒருவர் வயிற்றைக் கிழிக்கச் சம்மதிப்பாரா? மருந்து என்ற இன்னொரு வழியும் அவருக்கு இருக்கவில்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. எதற்கு எது என்பதுதான் கேள்வி.

முதலில், காய்ச்சல் நடக்கும்போதே பித்தப்பை வீங்கும் நிலை. டைஃபாய்டு கிருமி ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குப் போய், பித்தநீரோடு பித்தப்பையில் இறங்குகிறது. பல கிருமிகளுக்கு ஆகாத பித்தநீர் இதை ஒன்றும் செய்வதில்லை. வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னால், நோயாளி வலியில் பாதியிலேயே மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஸ்கேனில் பையின் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் தெரியும். கல் பெரும்பாலும் இருக்காது.

இங்கே என் ஓட்டு மருந்துக்குத்தான். ஊசி மருந்தும் டிரிப்பும் கொடுத்து, அடிக்கடி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தால் பெரும்பாலோருக்கு வீக்கம் வடிந்துவிடும். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் உடம்பை அவசரப்பட்டு மயக்க மருந்துக்கு உட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பை அழுகினாலோ ஓட்டை விழுந்தாலோ காத்திருப்பு அங்கேயே முடிந்தது. பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்தபின் உடனே ஆபரேஷன்தான். சீழ் மட்டும் கட்டி, நோயாளியும் மயக்க மருந்தைத் தாங்க மாட்டார் என்றால், ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாக ஒரு குழாயை விட்டுச் சீழை வடித்து உயிரைக் காப்பாற்றலாம். பையை அப்புறம் எடுக்கலாம். சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தபடி செய்யும் லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்து செய்வதா என்றால், முடிந்தவரை லேப்ராஸ்கோப்பி. நடுவில் பை ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து டாக்டர் வயிற்றைத் திறந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். அது பாதுகாப்புக்காக எடுத்த முடிவு.

இரண்டாவது, மேரியின் நிலை. காய்ச்சல் தீர்ந்து ஒரு வருடம் கழித்தும் மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருப்பது. டைஃபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் வரை இப்படி ஆகலாம். பெண்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் இதில் அதிகம். கல் இல்லை என்றால் மருந்தே போதும் என்பேன். கிருமி அடங்குகிற வகையாக இருந்து, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வேளை தவறாமல் 28 நாள் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

கல் இருந்தால் கதையே வேறு. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதுபோல் கிருமிகள் கல்லின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மருந்து மேலே உள்ளதைக் கழுவிவிட்டுப் போகும். அடியில் இருப்பது மறுபடி வளரும். 1948இல் வந்த குளோராம்பெனிகால் எத்தனையோ பேரைக் காய்ச்சலிலிருந்து மீட்டது, ஆனால் இந்தப் பாசியிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. போதாக்குறைக்கு, நம் பக்கத்துக் கிருமிகளில் பலவும் இப்போது சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. அதனால் கல்லோடு கிருமியைச் சுமப்பவருக்குப் பையை எடுப்பதும், கூடவே அந்தக் கிருமிக்குக் கேட்கிற ஆன்டிபயாடிக் கொடுப்பதும்தான் நல்ல வழி. இன்னொரு காரணமும் உண்டு: இப்படி நெடுநாள் கிருமியைச் சுமப்பவர்களுக்குப் பித்தப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவதைச் சிலியிலும் வட இந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள்.

ஆபரேஷன் செய்தும் சிலருக்குக் கிருமி போவதில்லை. கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக் குழாய்களிலும் அது ஒளிந்திருக்கும். அதனால் தையல் பிரித்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மல கல்ச்சரில், அதாவது மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், பலமுறை தொடர்ந்து கிருமி இல்லை என்று வரும்வரை அடுப்படியை வேறொருவரிடம் விடுங்கள். கொதிக்கிற சாம்பாரில் கிருமி பிழைக்காது. பயமெல்லாம் பச்சையாகப் பரிமாறுவதில்தான். 1906இல் நியூயார்க் பக்கம் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், மேரி வேலை பார்த்த வீட்டில் 11 பேரில் 6 பேர் படுத்தபோது, விசாரித்த ஜார்ஜ் சோப்பர் சந்தேகப்பட்டது மேரி சமைத்த சூடான பதார்த்தங்களை அல்ல, பச்சைப் பீச் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீமை.