மேட்ச்பாக்ஸ் காரா, மாமோட் நீராவி இன்ஜினா?

பழைய பொம்மை சேகரிப்பவர்கள் எதை வாங்கலாம்? இரண்டுமே இங்கிலாந்தில் பிறந்தவை. என் ஓட்டு இன்ஜினுக்குத்தான்.

லெஸ்னி நிறுவனம் 1953-இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் கார்கள் உள்ளங்கையில் அடங்கும். ஒரே அலமாரியில் ஐம்பதை அடுக்கலாம். பெயின்ட் உதிராமல், அட்டைப்பெட்டியும் கிழியாமல் இருந்தால் விலை எகிறும். (வெறும் அட்டைக்கு இவ்வளவு மவுசா என்று வீட்டில் கேட்பார்கள்.) ஆனால் பார்க்கத்தான் முடியும்.

1937-இல் தொடங்கிய மாமோட் கதையே வேறு. பித்தளைக் கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடியில் எரிபொருள் வில்லையைப் பற்றவைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆவி கிளம்பும். சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு. சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடி ஆவித்துளையைத் திறந்து மூடும். சூடான எண்ணெய் வாசம் அறை முழுக்கப் பரவும்.

வேலையும் உண்டு. ஓட்டி முடித்ததும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பழையது வாங்கினால் முதலில், அழுத்தம் மிஞ்சும்போது ஆவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வைச் சோதியுங்கள். அது அடைத்திருந்தால் பற்றவைக்கவே கூடாது.