செசமி ஸ்ட்ரீட் 'ஓல்டு ஸ்கூல்' டிவிடி: கேள்வி கேட்பது யார், பதில் சொல்வது யார்?

'செசமி ஸ்ட்ரீட்' அமெரிக்காவின் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதன் பழைய எபிசோடுகளைத் தொகுத்த 'செசமி ஸ்ட்ரீட்: ஓல்டு ஸ்கூல்' முதல் தொகுதி 2006-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. மூன்று டிவிடிகள். 1969 முதல் 1974 வரையிலான முதல் ஐந்து சீசன்களின் தொடக்க எபிசோடுகள் முழுசாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். கூடவே அந்தந்த சீசனிலிருந்து பொறுக்கியெடுத்த துண்டுக் காட்சிகளும், நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு எடுத்துச் சொல்ல 1969-ல் தயாரித்த விளம்பரப் படமும் உண்டு. சின்ன வயதில் பார்த்த ஞாபகத்துக்காக இதை வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எந்த மதிப்புரையும் தேவையில்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி எழுதுகிறவர்களும் பாலர் வகுப்பு ஆசிரியர்களும் இதை வாங்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர்கள் இந்த நிகழ்ச்சிக்குள் எதை வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்று பார்க்க இது நல்ல பொருள். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்தால், பொம்மைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்துவிடுவீர்கள்.

1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான முதல் எபிசோடு இப்படித் தொடங்குகிறது. கார்டன் என்ற கறுப்பின ஆசிரியர், தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் சாலி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு வருகிறார். கடைக்கார ஹூப்பர், பாப், பெரிய மஞ்சள் பறவை என்று ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். 123-ஆம் எண் வீட்டில் கார்டனின் மனைவி சூசன் சாலிக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுக்கிறார். பால் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு வந்ததும் பண்ணைப் பசுக்களைப் பற்றிய குட்டிப் படம் ஓடுகிறது. அவ்வளவுதான். தோலின் நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தெருவை முழுக்கத் தெரிந்தவர் யார்? புதிதாக வந்த குழந்தை யாரை நம்பி வருகிறது? யார் வீட்டு அடுப்படியில் அதற்குச் சாப்பிடக் கிடைக்கிறது? மூன்றுக்கும் பதில் அந்தக் கறுப்பினத் தம்பதிதான். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது எழுத்தாளரின் தற்செயலான கற்பனை இல்லை. ஹார்வர்டு பேராசிரியரும் மனநல மருத்துவருமான செஸ்டர் பியர்ஸ் ஆரம்பத்திலிருந்தே நிகழ்ச்சியின் ஆலோசகர்களில் ஒருவர். அமெரிக்கக் கறுப்பின மனநல மருத்துவர்கள் 1969-ல் அமைத்த சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. 'மைக்ரோஅக்ரெஷன்' என்ற சொல்லை 1970-ல் உருவாக்கியவரும் அவர்தான்: பெரிய வன்முறை அல்ல, நாள்தோறும் சின்னச் சின்னதாக விழும் அவமதிப்புகள்தான் மனிதனை அரித்துத் தின்கின்றன என்பது அவர் கருத்து. அந்த அவமதிப்புகளை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்ப்பதில் தொலைக்காட்சிக்கும் பெரிய பங்கு உண்டு என்று அவர் நினைத்தார். பின்னாளில், 1977-ல், தொலைக்காட்சி விளம்பரங்களையே எடுத்துவைத்து ஆராய்ந்தார். விஷம் சின்ன அளவில் இறங்குகிறது என்றால் மருந்தையும் அதே அளவில், அதே வழியில் கொடுக்கலாம் அல்லவா? எழுத்தும் எண்ணும் வெளிப்படையான பாடம். கறுப்பினக் குழந்தைக்குத் தன்மதிப்பும், எல்லாக் குழந்தைகளுக்கும் பல இனத்தார் கலந்து வாழும் ஊரும் மறைமுகப் பாடம். இந்த இரண்டாவது பாடத்திட்டம் பாத்திரங்களின் நடத்தையில் மட்டும்தான் இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதனால் பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். முதல் எபிசோட்டின் தெருக் காட்சிகளை ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தாளில் மூன்று பத்தி போடுங்கள்: கேள்வி கேட்பவர், பதில் தெரிந்தவர், தப்பு செய்தவரைப் பொறுத்துக்கொள்பவர். யார் பெயர் எந்தப் பத்தியில் விழுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு ஒலியுடன் பாருங்கள். உங்கள் மொழியில் இப்போது ஓடும் எந்தக் குழந்தை நிகழ்ச்சிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பல நிகழ்ச்சிகளில் பல நிறத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஆனால் 'பதில் தெரிந்தவர்' பத்தியில் ஒரே முகம்தான் இருக்கும். நிற்க வைப்பது எளிது. பத்தி மாற்றுவதுதான் கஷ்டம்.

கார்டனாக நடித்தவர் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும், முன்பே சொல்லிவிடுகிறோம். முதல் மூன்று சீசன்களில் மேட் ராபின்சன். நான்காவது, ஐந்தாவது சீசன்களில் ஹால் மில்லர். பலருக்கும் கார்டன் என்றால் ஞாபகம் வரும் ராஸ்கோ ஆர்மன் 1974-ல்தான் வந்து சேர்ந்தார். இந்தத் தொகுதியில் அவரைத் தேட வேண்டாம். ராபின்சன் அடிப்படையில் தயாரிப்பாளர், எழுத்தாளர். திரையில் தோன்ற அவருக்கு அவ்வளவாக விருப்பமில்லை. அந்த ஒட்டாத தன்மையே நடிப்புக்கு நன்மையாகிவிட்டது என்பது எங்கள் எண்ணம். குழந்தையிடம் குழைவதில்லை, குரலை உயர்த்திக் கொஞ்சுவதில்லை, பெரியவரிடம் பேசுவதுபோல் நேராகப் பேசுகிறார். மில்லர் இதமானவர். ஆனால் அந்த எடை இல்லை.

சூசனாக வந்த லொரெட்டா லாங் உண்மையிலேயே ஆசிரியை. நடித்துக்கொண்டே படித்து, 1973-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள், இதே செசமி ஸ்ட்ரீட். அதில் பியர்ஸின் மறைமுகப் பாடத்திட்டத்தை விளக்கியும் எழுதியிருக்கிறார். ஆக இந்த டிவிடியில் பார்ப்பது, தன் பாத்திரத்தை ஆராய்ச்சி செய்துகொண்டே நடிக்கும் ஒருவரை. கேள்வி கேட்டபின் அவர் விடும் இடைவெளியைக் கவனியுங்கள். நடிகைக்கு அந்த மௌனம் நீளம். வகுப்பெடுத்தவருக்கு அது பழகிப்போன ஒன்று. பதில் வரும்வரை முகம் அசையாது. தொகுப்பிலேயே ரொம்பப் பயனுள்ள சில நொடிகள் இவை, ஆனால் வெட்டியொட்டிய துண்டுக் காட்சிகளில் கிடைக்காது. முழு எபிசோடுகளில்தான் கிடைக்கும்.

முதல் சீசனில் சூசன் வெறும் இல்லத்தரசி. பெண்ணியவாதிகள் அதைக் கடுமையாகச் சாடினார்கள். பிறகு அவரைச் செவிலியர் வேலைக்கு அனுப்பினார்கள். லத்தீன் அமெரிக்கப் பாத்திரங்களும் தொடக்கத்தில் இல்லை. மரியாவும் லூயிஸும் 1971-ல் தொடங்கிய மூன்றாம் சீசனில்தான் வருகிறார்கள். ஐந்து ஆண்டுத் தொடக்கங்களையும் வரிசையாகப் பார்க்க முடிவதால் இந்தத் திருத்தங்கள் கண்முன் நடக்கின்றன. வரிசை மாற்றிப் பார்த்தால் இந்த லாபம் போய்விடும்.

தெருவில் பொம்மைகள் ஏன் நடமாடுகின்றன என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1969 ஜூலையில் ஐந்து சோதனை எபிசோடுகளை எடுத்துப் பிலடெல்ஃபியாவில் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய எட்வர்டு பால்மர் ஒரு எளிய முறை வைத்திருந்தார்: தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு திரை, அதில் ஏழரை நொடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எந்த நொடியில் தொலைக்காட்சியை விட்டு விலகுகிறது என்று குறிப்பார்கள். பொம்மைகள் வந்தபோது கண் அசையவில்லை. மனிதர்கள் மட்டும் இருந்த தெருக் காட்சிகளில் கவனம் சரிந்தது. கற்பனையையும் நிஜத்தையும் கலக்கக் கூடாது என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால் அதுவரை தெருவில் பொம்மைகளே கிடையாது. தயாரிப்பாளர்கள் அந்த ஆலோசனையை ஒதுக்கிவிட்டுப் பெரிய பறவையையும், குப்பைத்தொட்டியில் வாழும் பொம்மையான ஆஸ்கரையும் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் கார்ட்டூன் போதும். மறைமுகப் பாடமோ முழுக்க முழுக்கத் தெருவில்தான் இருந்தது. பறவை வராமல் இருந்திருந்தால் கார்டனும் சூசனும் யாரும் பார்க்காத பாடமாகப் போயிருப்பார்கள். நல்ல நோக்கத்தோடு எடுக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான்: பன்முகத்தன்மையைக் குழந்தை கண்ணைத் திருப்பிக்கொள்ளும் காட்சியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

(ஆஸ்கர் முதல் சீசனில் ஆரஞ்சு நிறம். டிவிடி கோளாறு இல்லை.)

இனி குறைகள். முதலாவது, பியர்ஸ் போன்றவர்கள் திரைக்கு வெளியே செய்ததைக் காட்சிகள் தாமாகச் சொல்லிவிடாது. பின்னணி தெரியாதவருக்கு இது வெறும் பழைய நிகழ்ச்சி. இரண்டாவது, நிகழ்ச்சியை ஏழைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசேர்த்த உழைப்பு இதில் இல்லை. எவலின் டேவிஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அந்தப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். பல ஊர்களில் பொதுத் தொலைக்காட்சி யுஎச்எஃப் அலைவரிசையில்தான் வந்தது, சாதாரணப் பெட்டிகளில் சரியாகத் தெரியாது. அதனால் குழந்தைகள் கூடிப் பார்ப்பதற்கென்றே இடங்களை ஏற்பாடு செய்து, பார்த்தபின் பேச ஆட்களையும் வைத்தார்கள். இதை விட்டுவிட்டுப் பேசினால், கறுப்பினத்தாரின் பங்கு நடிப்பும் ஆலோசனையும் மட்டும்தான் என்ற தப்பான எண்ணம் வந்துவிடும். 1970-ல் வந்த முதல் மதிப்பீடு, அதிகம் பார்த்த குழந்தைகள் அதிகம் கற்றார்கள் என்றது. 1975-ல் அதே தரவுகளை மறுபடி அலசியவர்கள் வேறொரு கேள்வி எழுப்பினார்கள்: வசதியான வீட்டுக் குழந்தைகளும் பார்க்கிறார்களே, இடைவெளி எப்படிக் குறையும்? டேவிஸின் வேலை ஏன் அவசியமாக இருந்தது என்பது இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

மூன்றாவது, ரூஸ்வெல்ட் ஃபிராங்க்லின். மேட் ராபின்சன் உருவாக்கிக் குரல் கொடுத்த பொம்மை. கறுப்பினக் குழந்தைகளின் பேச்சும் தாளமும் கொண்டு, தன் பெயரில் அமைந்த பள்ளியில் தானே பாடம் நடத்தும் சிறுவன். அவனுக்குத் தனி இசைத்தட்டே வந்தது. ஆனால் அவன் பேச்சும், கூச்சல் மிகுந்த அந்த வகுப்பும் கறுப்பினத்தாரைப் பற்றிய பழைய அச்சிலேயே இருக்கின்றன என்ற எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர்களில் கறுப்பினத்தாரும் உண்டு. 1975-ல் பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் கணிப்பில் இது நஷ்டம். கார்டன் யாருக்கும் உறுத்தாத கறுப்பினத்தவர். ரூஸ்வெல்ட் தன் தெருமொழியோடு வந்தவன். இரண்டும் வேண்டியிருந்தது. இந்த விவாதத்துக்காகவே வாங்க நினைப்பவர்கள் இந்தத் தொகுதியை நம்ப வேண்டாம். அவன் பாடல்களைத் தனியாகத் தேடிக் கேட்பது மேல்.

1970-ல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம், கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்து நடிப்பதால் இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது. செய்தி வெளியே கசிந்து கண்டனம் கிளம்பியதும், சில வாரங்களிலேயே பின்வாங்கியது. மறைமுகப் பாடத்தை முதலில் சரியாகப் படித்தவர்கள் அதை எதிர்த்தவர்கள்தான் போலிருக்கிறது.

இதையும் மற்றவற்றையும் ஒப்பிட விரும்பினால்: 1972-ல் தொடங்கிய 'ஃபேட் ஆல்பர்ட்' கார்ட்டூனுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கறுப்பினப் பேராசிரியர் கார்டன் பெர்ரி ஆலோசகர். அங்கே நீதி வெளிப்படையாகவே வரும், தொகுப்பாளரே எடுத்துச் சொல்வார். அந்தத் தொகுப்பாளர், பின்னாளில் பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளான பில் காஸ்பி என்பதால் இன்று வகுப்பறையில் போடத் தயங்குவீர்கள். 1983-ல் தொடங்கிய 'ரீடிங் ரெயின்போ'வில் லெவார் பர்ட்டன் புத்தகத்தைக் கையில் எடுத்து நேரே குழந்தையிடம் பேசுவார். பாலர் வகுப்புக்கு இப்போதே போட்டுக் காட்டலாம் என்றால் எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

ஏனென்றால் 'ஓல்டு ஸ்கூல்' வட்டைக் குழந்தைகளுக்குப் போடக் கூடாது. இவை பெரியவர்களுக்கானவை, இன்றைய பாலர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று வெளியீட்டாளர்களே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் சிறுமியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தின்பண்டம் கொடுக்கிறார்; அன்று அது அன்பு, இன்று எந்த ஆசிரியரும் அதை மாதிரியாகக் காட்ட மாட்டார். ஆபத்தான இடங்களில் பிள்ளைகள் விளையாடும் காட்சிகளும் இருக்கின்றன. வேகமும் இன்றைய கண்ணுக்கு மந்தம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். வட்டுகள் அமெரிக்க மண்டலக் குறியீடு கொண்டவை. வேறு மண்டல இயக்கியில் ஓடாது, எல்லா மண்டலத்துக்குமான இயக்கி வேண்டும். படம் பழைய 4:3 அளவு; அகலத் திரையில் இழுத்துப் பரப்பாதீர்கள், முகங்கள் சப்பையாகும். அக்கால வீடியோ நாடா என்பதால் நிறம் கொஞ்சம் வழியும், அதற்கு வழியில்லை. கைமாறிய பிரதி என்றால் மூன்று வட்டும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். முதல் வட்டு கீறியிருந்தால் பேரம் பேசாமல் விட்டுவிடுங்கள். முதல் எபிசோடு இல்லாமல் மீதி நான்குக்கும் பாதி மதிப்புதான்.