கிரவல் புழுதியும் மீற்றர் மூடியும்: எதால் துடைத்தால் கீறாது?

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் பின்னேரம் ஓடிப் பாருங்கள். வெயில் பின்கண்ணாடியால் வந்து நேரே மீற்றரில் விழும். அப்படி ஒருநாள் ஒட்டுசுட்டான் தாண்டும்போதுதான் கவனித்தேன், என் அக்சியோக் காரின் மீற்றர் மூடி முழுக்கச் சிலந்தி வலை பின்னினமாதிரிக் கீறல். ஆணியால் யாரும் கீறவில்லை. கிழமைக்கு ஒருதரம் பழைய சாரத்துண்டால் நானே துடைத்துத் துடைத்து வரைந்த வலை அது.

சாரம் நல்ல மெதுவான துணிதானே என்று கேட்பீர்கள். துணியில் பிழையில்லை, துணிக்கும் மூடிக்கும் நடுவில் இருந்த புழுதியில்தான் பிழை. கிரவல் றோட்டுப் புழுதியில் நுண்மணல் இருக்கிறது. மணலில் இருக்கும் குவாட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7. மீற்றர் மூடியைக் கண்ணாடி என்று சொன்னாலும் அது அக்ரிலிக் அல்லது பொலிகாபனேற், 3 அளவில்தான் நிற்கும். சாரத்தை வைத்து அழுத்தினால் மண்தாளால் தேய்த்தமாதிரித்தான். கியர் பக்கத்தில் வரும் மினுங்கல் கறுப்புப் பிளாஸ்ரிக்கும் இதே கதை. கறுப்பு என்றபடியால் இன்னும் கேவலமாகத் தெரியும்.

ஆகவே போட்டி துணிகளுக்குள் இல்லை, முதலில் புழுதியை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான். சேர்விஸ் பண்ணும் இடத்தில் கொம்பிறசர் காற்று அடிப்பார்கள். வேகமான வேலை, ஆனால் புழுதி எழும்பிப் பறந்து அரைமணித்தியாலத்தில் திரும்ப டாஷ்போட்டிலேயே வந்து குந்தும். குழாயில் தண்ணியோ எண்ணெயோ நின்றால் அதுவும் சேர்ந்து தெறிக்கும். வக்கியூம் நல்லது, ஆனால் அதன் பிளாஸ்ரிக் வாய் முட்டினால் அதுவே கீறும். என் கணக்கில் வெல்வது மெல்லிய மயிர் உள்ள அகலமான பிறஷ், புதியது, பெயின்ற் படாதது. மேலிருந்து கீழே, அழுத்தாமல், தூசியைத் தட்டிவிடுகிறமாதிரி. ஏசி வாய்களின் இடுக்குக்குள்ளும் அதுதான் போகும். வக்கியூம் இருந்தால் வாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பிறஷால் தட்டுங்கள், இரண்டும் சேர்ந்தால் அதைவிடச் சுகம் இல்லை.

புழுதி போனபிறகுதான் துணிப் பேச்சு. டிஷ்யூ மரக்கூழ், தும்பும் விடும், மினுங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். சாரத்துண்டை டாஷ்போட்டின் சொரசொரப்பான பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம், அது தாங்கும். மீற்றருக்கும் திரைக்கும் மைக்றோபைபர்தான். அதன் இழை தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லியது. ஊத்தையை இழுத்துப் போகாமல் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும், ஒரு முகம் ஊத்தையானால் மற்றதுக்கு மாறுங்கள். வட்டம் போடாமல் நேர்கோட்டில் ஒரு இழுவை. துணி ஒருதரம் நிலத்தில் விழுந்தால் அது இனி ரயர் துடைக்கத்தான். தோய்க்கும்போது உடுப்பை மெதுவாக்கும் திரவம் விடவேண்டாம், இழை அடைத்துப்போகும்.

எதைத் தடவித் துடைப்பது? தண்ணி போதும். ஆனால் எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் உவர், சுண்ணாம்புக் கனம், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். மாரியில் பிடித்த மழைத்தண்ணி, இல்லாட்டிப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணி நல்லது (அசிற்றுப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள்). எண்ணெய்க்கை பட்ட இடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணியில் குழந்தைகளின் ஷம்பு இரண்டு மூன்று துளி. துணியில் விட்டுத்தான் துடைக்கவேண்டும், மீற்றரில் நேரே அடித்தால் ஓரத்தால் உள்ளே இறங்கும்.

யன்னல் கண்ணாடி துடைக்கும் ஸ்பிறே வேறு விசயம். பலவற்றில் அமோனியாவோ அல்ககோலோ இருக்கும். பொலிகாபனேற்றுக்கு அமோனியா ஆகாது, அக்ரிலிக்குக்கு அல்ககோல் ஆகாது. நாள் போக மூடியில் மயிர்வெடிப்பு வரும். கொரோனாக் காலத்தில் கைக்குப் பூசும் சனிற்றைசரால் மீற்றரைத் துடைத்தவர்களும் இருக்கிறார்கள். அதிலும் அல்ககோல்தான்.

மினுக்கும் பொலிஷ்தான் எனக்கு ஒத்துவராதது. ஒரு இடத்தில் காரைக் கழுவக் கொடுத்தபோது பெடியன் கேட்டான், "அண்ணை, உள்ளுக்குப் பொலிஷ் போட்டுவிடட்டே?" தலையாட்டிவிட்டேன். அன்றைக்கு வடிவாகத்தான் இருந்தது. கிளிநொச்சியால் உள்றோட்டில் இரண்டு நாள் ஓடிய பிறகு அந்தப் பசையில் செம்புழுதி அப்பி, பிறஷுக்கும் விடாமல் ஒட்டிக்கொண்டது. சிலிக்கன் பொலிஷ் தார் றோட்டுக்காரருக்குச் சரிவரலாம், கிரவலில் ஓடுபவருக்கு வேண்டாம்.

வந்த கீறலுக்குப் பற்பசை தேய்க்கச் சொல்லுவார்கள். அதுவும் அரைக்கும் பொருள்தான், மூடி மங்கிப்போகும். பிளாஸ்ரிக்குக்கென்று வரும் பொலிஷ் பசை மெல்லிய கீறலைக் குறைக்கும், நகம் மாட்டும் கீறலை ஒன்றும் செய்யாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அதற்குள் வயதுபோன என் காரின் மூடியை அந்தப் பசையால்தான் ஒப்பேற்றினேன்.

இன்னொன்று. துணியைப் பொலித்தீன் பையில் சுற்றி முன்பெட்டிக்குள் வையுங்கள். கதவுப் பொக்கற்றில் வேண்டாம், காருக்குள் வரும் கிரவல் எல்லாம் கடைசியில் அங்கேதான் கிடக்கும்.