ஸ்பிட்ஃபயர் மார்க் 9-க்கு மூன்று பெயின்ட் புட்டிகள்: டமியா எக்ஸ்எஃப்-81, 82, 83

பிரிட்டனிலிருந்து பறந்த இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9-ன் மாடலுக்குப் பழுப்பும் பச்சையும் அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அந்த ரகம் படையில் சேர்ந்தது 1942 ஜூலையில். பகல்நேரச் சண்டை விமானங்களின் முதுகிலிருந்து பழுப்பு போனதோ அதற்கு முன்பே, 1941 ஆகஸ்டில். 1940-ல் சண்டை சொந்த வயல்வெளிகளுக்கு மேலே நடந்தது, பழுப்பு மண்ணோடு கலந்துவிடும். அடுத்த வருடம் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்ஸ் பக்கம் போகத் தொடங்கினார்கள். கீழே கடல். அங்கே பழுப்புக்கு என்ன வேலை? அதன் இடத்துக்கு ஓஷன் கிரே என்ற சாம்பல் வந்தது. டார்க் கிரீன் அப்படியே இருந்தது, வயிற்றுப் பக்கம் மீடியம் சீ கிரே ஆனது.

இந்த மூன்று நிறத்துக்கும்தான் ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 10 மி.லி. பெயின்ட் புட்டிகள்: 81 பச்சை, 82 ஓஷன் கிரே, 83 மீடியம் சீ கிரே. முன்பெல்லாம் துளி எண்ணிக் கலப்பேன், ஒரு விமானத்தின் சாம்பல் அடுத்ததில் வராது. இப்போது அந்தக் கவலை இல்லை. 82-ல் லேசான நீலச் சாயல் இருக்கிறது, அது இருக்கவேண்டியதுதான். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது 83. பச்சை மட்டும் 72-ல் ஒரு பங்கு அளவு மாடலில் கொஞ்சம் இருண்டு தெரியும். சின்னப் பொருளில் எந்த அடர்நிறமும் அப்படித்தான். நான் சில துளி வெள்ளை சேர்த்துக்கொள்கிறேன். பெயின்ட்டை நீர்க்கவைக்கும் டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரோடு, காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் சீராக வருகிறது. தூரிகையால் அடிப்பவர்கள் முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

வால் பக்கப் பட்டைக்கும் மூக்குக் கூம்புக்கும் ஸ்கை என்ற நிறத்தைத் தனியாக வாங்கவேண்டும். அதில் அவசரப்படாதீர்கள். வேறொரு நிறுவனத்தின் புட்டியை நம்பி வாங்கினேன், பட்டாணிப் பச்சையாக வந்து நின்றது. ஸ்கை என்பது பச்சை லேசாகத் தொட்ட பால் நிறம். நிஜ விமானத்தில் அந்தப் பட்டை 18 அங்குலம், இந்த அளவில் 6 மி.மீ.க்குச் சற்று மேல். முதலில் ஸ்கை அடித்து, அதன்மேல் 6 மி.மீ. மாஸ்க்கிங் டேப்பைச் சுற்றிவிட்டுச் சாம்பலுக்குப் போனால் வேலை முடிந்தது.

அப்புறம், 1941 இலையுதிர்காலத்து மார்க் 5, அதாவது முந்தைய ரக ஸ்பிட்ஃபயர், செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓஷன் கிரே போதுமான அளவு வந்து சேரும்வரை படைத்தளங்களிலேயே மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு கலந்து அடித்தார்கள். அதனால் அந்தக் காலத்து விமானத்துக்கு 82 வேண்டாம். 83-ல் அதே கணக்கில் கறுப்பு கலந்து பாருங்கள். என் மேசையில் இப்போது காய்ந்துகொண்டிருப்பது அந்தச் சாம்பல்தான்.