சோனிக்ஸ்: முதல் ஆல்பமா, 'பூம்'-ஆ?

கராஜ் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேரைத் தேடிப் போகிறவர்கள் எப்படியும் டகோமாவுக்கு வந்து சேர்வார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் துறைமுக ஊர். அங்கிருந்து கிளம்பிய ஐந்து பேர்தான் 'த சோனிக்ஸ்'. எட்டிகெட் என்ற சின்ன உள்ளூர் கம்பெனிக்கு 1965இல் 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்', 1966இல் 'பூம்' என இரண்டு ஆல்பங்கள் கொடுத்தார்கள். ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் யோசிக்காமல் முதலாவதை வாங்குங்கள்.

1967இல் ஹாலிவுட் போய்ப் பதிந்த மூன்றாவதை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். சத்தத்தைத் துடைத்துச் சுத்தம் பண்ணியதில் பாட்டின் முரட்டுத்தனமும் போய்விட்டது. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை.

பாட்டுகளை வைத்துப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இரண்டிலும் பன்னிரண்டு பாட்டு, பெரும்பாலானவை அடுத்தவர் பாட்டுகள். முதல் ஆல்பத்தில் சொந்தச் சரக்கு நான்கு: 'த விட்ச்', 'சைக்கோ', 'ஸ்ட்ரிக்னைன்', 'பாஸ் ஹாஸ்'. நான்கும் பாடகர் ஜெரி ரோஸ்லி எழுதியவை. 'பூம்' பக்கம் 'சிண்ட்ரெல்லா', 'ஹீஸ் வெயிட்டிங்' இரண்டும் அதே தரம்தான். ரோஸ்லியின் தொண்டை கிழியும் அலறலும் இரண்டிலும் உண்டு.

தீர்ப்பைச் சொல்வது டிரம்ஸ். 'சைக்கோ'வில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் நிற்கும் இடத்தை ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேளுங்கள். டிரம்மர் பாப் பென்னட் ஸ்னேரில் (நறுக்கென்று ஒலிக்கும் சின்ன டிரம்) போடும் ஒவ்வொரு அடியும் கதவை உடைப்பது போல விழும். பதிவு நடந்தது சியாட்டிலில், ஒலிப்பதிவாளர் கியர்னி பார்ட்டனின் ஆடியோ ரெக்கார்டிங் ஸ்டுடியோவில். கையில் இருந்தது இரண்டு டிராக் டேப் இயந்திரம், அதாவது இரண்டே தடங்களில் பதிவது. டிரம்ஸுக்கு ஒரே மைக்கை வைத்து இப்படியொரு சத்தத்தை எடுத்திருக்கிறார்களே என்று 1994இல் ஒரு பேட்டியில் நிர்வாணா குழுவின் பாடகர் குர்ட் கோபைன் வியந்து சொன்னது இதைத்தான்.

ஒரே மைக் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? மைக்குகள் பல இருந்தால், ஒரே அடியின் சத்தம் ஒவ்வொன்றுக்கும் சற்று முன்பின்னாகப் போய்ச் சேரும். கலக்கும்போது ஒன்றையொன்று தின்று ஸ்னேர் மெலிந்துவிடும். ஒரே மைக்கில் அந்தத் தொல்லை இல்லை. கூடவே, டேப்பில் லெவலைச் சிவப்புக்கோட்டைத் தாண்டி ஏற்றினால் அடியின் உச்சி தட்டையாகும், அறையின் அதிர்வு மேலே எழும். சின்ன டிரம்ஸ் பெரிதாகக் கேட்பது அதனால்தான்.

இதே சத்தம் வேண்டுமென்று முயலும் குழுக்கள் வழுக்குவது மைக்கில் அல்ல, டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலில். டிரம்ஸுக்கு ஒரு மீட்டர் முன்னால், வாசிப்பவரின் நெஞ்சு உயரத்தில், கிக்குக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேருக்கும் நடுவே பார்க்கும்படி மைக்கை வைத்துத் தொடங்குங்கள். சிம்பல் எல்லாவற்றையும் மூடினால் மைக்கைக் கீழே இறக்குங்கள். கிக் கேட்கவில்லையென்றால் அதன் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோளாறு கையில் இருக்கிறது: சிம்பலை மெதுவாகவும் ஸ்னேரை முழு பலத்தோடும் அடிக்க வேண்டும். பதிந்தபின் சிம்பலை மட்டும் குறைக்க வழியில்லை. கம்ப்யூட்டரில் பதிபவர்கள் உள்ளே வரும் லெவலை மட்டும் சிவப்பில் விடக்கூடாது. டேப் உடைவது இனிமை, டிஜிட்டல் உடைவது வெறும் கரகரப்பு. அளவாகப் பதிந்து, பிறகு சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை 4:1க்கு மேல் வைத்து உச்சியை அமுக்குவதே சரி.

'பூம்' டகோமாவிலேயே வேறொரு ஸ்டுடியோவில் பதிவானது. சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைக் குழுவினர் பிய்த்தெறிந்த கதை பிரசித்தம். அறை நன்றாக அலறுகிறது, கிட்டார் இன்னும் கடிக்கிறது. ஆனால் என் காதுக்கு, அந்த அலறலில் ஸ்னேரின் கூர் கொஞ்சம் கரைந்துவிடுகிறது. கிட்டார்தான் முக்கியம் என்பவருக்கு இது குறையாகவே படாது. அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். போனில், மலிவான இயர்போனில் கேட்டால் இந்த வித்தியாசம் பாதிகூடத் தெரியாது.

முதல் ஆல்பத்தை வாங்கும்போது மோனோ பதிப்பா (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) என்று பாருங்கள். மூலமே மோனோதான், செயற்கையாக இரண்டாகப் பிரித்தால் நடுவில் நிற்கும் அந்த அடி கலங்கிவிடும். நார்ட்டன் கம்பெனி வெளியிட்ட சிடியில் கூடுதலாக நான்கு பாட்டுகளும் உண்டு, 'கீப் எ நாக்கின்' உட்பட. தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பாஸ் பூஸ்ட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பின்னால் வந்தவர்களும் திரும்பத் திரும்பப் போனது முதல் ஆல்பத்துக்குத்தான். 'த க்ராம்ப்ஸ்' என்ற அமெரிக்கப் பங்க் குழு 1980இல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே 'ஸ்ட்ரிக்னைன்' பாடியது. சோனிக்ஸே பல்லாண்டு கழித்து 2015இல் புது ஆல்பம் செய்தபோது, தயாரிப்பாளர் ஜிம் டயமண்டோடு சேர்ந்து, எத்தனை டிராக் வேண்டுமானாலும் கிடைக்கும் காலத்தில் அதை மோனோவில் முடித்தார்கள்.