பத்து வழி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏர் மேனிஃபோல்டு: வாங்கலாமா?

ஒரு காற்று லைனைப் பத்தாகப் பிரித்துக் கருவிகளுக்குக் கொடுக்கும் குழாய் இது. காற்றால் இயங்கும் கன்ட்ரோல் வால்வுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், டீ, நிப்பிள் என்று கோத்து ஹெட்டர் (பொதுக் காற்றுக் குழாய்) கட்டுவதற்கு மாற்று. 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், ஒரு முனையில் அரை அங்குல இன்லெட், மறுமுனையில் டிரெயின் வால்வு, பக்கத்துக்கு ஐந்தாகக் கால் அங்குல பால் வால்வுகள். விலை கூடுதல்தான். எட்டு கருவிகள் என்றால் கொடுத்த காசு வீண்போகாது.

காரணம் இணைப்புகள். பத்து டீக்களில் மட்டும் முப்பது மரை இணைப்பு வரும். ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். மேனிஃபோல்டிலோ உடல் முழுக்க வெல்டிங். ஜி.ஐ. குழாயின் உள்ளே துத்தநாகம் உரிந்து காற்றோடு போகும். பொசிஷனரின் (காற்றழுத்தத்தை மாற்றி வால்வைத் தேவையான அளவு திறக்கும் கருவி) நாசில் துளை அவ்வளவு சிறியது. ஒரு செதில் அடைத்தாலே வால்வு அசையாது.

ஆனால் மேனிஃபோல்டு காற்றைச் சுத்தம் செய்யாது. கருவிக் காற்றுக்கான ஐ.எஸ்.ஏ. 7.0.01 தரப்படி துகள் 40 மைக்ரானுக்குள், எண்ணெய் 1 பி.பி.எம்.முக்குள், பிரஷர் டியூ பாயின்ட் (லைன் பிரஷரில் காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) அந்த இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட 10 டிகிரி செல்சியஸாவது கீழே இருக்க வேண்டும். அது டிரையரும் ஃபில்டரும் பார்க்கும் வேலை.

வாங்கும்போது இன்லெட் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். அவுட்லெட் துளை ஓரங்களில் பிசிறு தெரிந்தால் திருப்பி அனுப்புவதே நல்லது. அடுத்தடுத்த வால்வுகளுக்கு நடுவே டியூப் நட்டைத் திருக ஸ்பேனர் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். பல தயாரிப்புகள் சொதப்புவது இங்கேதான். மூடியதும் டியூபில் நிற்கும் காற்றை வெளியேற்றும் வென்ட் வகை பால் வால்வு கிடைத்தால் அதையே கேளுங்கள். ஃபிட்டிங்கைக் கழற்றுபவரின் கைக்கு அதுதான் பாதுகாப்பு.

பொருத்தும்போது நிமிர்த்தி, இன்லெட் மேலே, டிரெயின் கீழே. படுக்கை வசமாக வைத்து டிரெயின் முனை சற்றே உயர்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். யூ-போல்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும். டெஃப்லான் டேப்பை முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். முனையில் பிய்ந்த இழை நேராக ரெகுலேட்டருக்குள்ளோ நாசிலுக்குள்ளோ போய் உட்காரும். டியூப் மாட்டுமுன் ஒவ்வொரு அவுட்லெட்டையும் திறந்து, முன்னால் வெள்ளைத் துணி பிடித்து, துணியில் கறை படிவது நிற்கும் வரை ஊதவிடுங்கள். பிறகு லைன் பிரஷரில் சோப்பு நுரைச் சோதனை.

பெரிய குறை அரை அங்குல இன்லெட். பொசிஷனர்கள் மட்டும் என்றால் போதும். பெரிய ஆன்-ஆஃப் வால்வை இயக்கும் சிலிண்டரையும் இதிலேயே இணைத்தால், அது நகரும் நொடியில் பிரஷர் சரிந்து பக்கத்துப் பொசிஷனர்கள் தடுமாறும். அந்தச் சிலிண்டருக்கு மெயின் ஹெட்டரிலிருந்து தனி லைன் எடுங்கள், இல்லையேல் ஒரு அங்குல இன்லெட் மாடலைக் கேளுங்கள். இரண்டு அவுட்லெட்டை பிளக் போட்டு ஸ்பேராக விடுவது அவசியம்.

இரண்டு மூன்று கருவிகளே இருக்கும் இடத்துக்கு இது வேண்டாம். ஸ்டெயின்லெஸ் டியூபும் டீயுமே போதும்.