ஆட்டோகேட் எல்டி: எல்லையோர நில அளவைக்காரருக்கு ஒத்து வருமா?

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தனியாக நில அளவை செய்கிறவர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி இதுதான்: கணினியில் வரைபடம் வரைகிற மென்பொருளான ஆட்டோகேட் எல்டிக்கு வருஷா வருஷம் சந்தா கட்டுவது தகுமா, இல்லை மலிவாகக் கிடைக்கிற வேறு ஏதாவது ஒன்றை வைத்து ஓட்டிவிடலாமா? தகும் என்றுதான் சொல்வேன். ஆனால் நிறுவின கையோடு தோப்பு வரைய உட்கார்ந்தால் காசு வீண், முதலில் ஒரு நாள் செட்டிங்கோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

ஏன் என்றால், இது பிறந்தது இயந்திரமும் கட்டடமும் வரைகிறவர்களுக்காக. புது வரைபடம் திறந்தால் அதன் அலகு மில்லிமீட்டர் என்றோ அங்குலம் என்றோ இருக்கும், கோணம் கிழக்கிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றும். நமக்கோ மீட்டர் வேண்டும், வடக்கிலிருந்து வலப்பக்கமாகச் சுற்றும் திசைக்கோணம் வேண்டும். இரண்டையும் யூனிட்ஸ் கட்டளையில் ஒரே பெட்டியில் மாற்றிவிடலாம், டிகிரி-நிமிடம்-நொடியும் அங்கேயே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: வடக்கைப் பூஜ்யமாக வைத்தபின் எழுத்தின் சாய்வுக்குப் பழைய பழக்கத்தில் 0 என்று அடித்தால் சர்வே எண் செங்குத்தாக நிற்கும். 90 அடித்தால்தான் படுக்கும்.

அடுத்து புள்ளிகள். ரோவர் என்ற செயற்கைக்கோள் அளவைக் கருவியிலிருந்து இறக்கிய ஆயத்தொலைவுகளை உள்ளே போட்டதும் திரையில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் புள்ளியின் வடிவம் வெறும் பொட்டாகத்தான் வரும். புள்ளியின் வடிவத்தைத் தீர்மானிக்கிற பிடிமோடை 3 ஆக்கினால் பெருக்கல் குறி கிடைக்கும். அதன் அளவைச் சொல்கிற பிடிசைஸில் கூட்டல் எண் கொடுத்தால் அது மீட்டர் கணக்கு, கழித்தல் எண் கொடுத்தால் திரையில் இத்தனை சதவீதம் என்று அர்த்தம், அதனால் களத்தில் சரிபார்க்கும்போது கழித்தலும் அச்சுக்குப் போகும்போது கூட்டலும் வைத்துக்கொள்வேன். பெரிதாக்கிப் பார்க்கும்போது குறி பூதாகரமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், திரையை மறுபடி வரைகிற ரீஜென் கட்டளை கொடுத்தால் அடங்கிவிடும்.

இந்த மென்பொருளில் யாரும் சொல்லித் தராத ஒரு இடம் இருக்கிறது. எக்செல்லில் வரிசையாகக் கோர்த்து ஸ்கிரிப்ட் கோப்பாக (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஓட்டிப் புள்ளி போடுகிறவர்கள் ஆஸ்நாப்கோஆர்ட் என்ற மாறியைப் பாருங்கள். இயல்பாக அது 2. அதாவது விசைப்பலகையில் அடிக்கிற எண்ணுக்கு ஸ்நாப்பை (பக்கத்தில் இருக்கிற புள்ளியில் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) விட முன்னுரிமை உண்டு, ஆனால் ஸ்கிரிப்டிலிருந்து வரும் எண்ணுக்கு அந்த முன்னுரிமை கிடையாது. ஸ்நாப் விழித்திருந்து, திரையும் ஊர் முழுக்கத் தெரிகிற அளவில் இருந்தால், பக்கத்துப் பக்கத்து எல்லைக் கற்களின் புள்ளிகளெல்லாம் முதல் கல்லிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. 1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. இது வரைபடத்தோடு சேமிக்கப்படுவதில்லை, அந்தக் கணினியோடு நிற்பது, ஆகவே கணினி மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். பிடிமோட், எல்டிஸ்கேல் (விட்டுவிட்டு வரும் கோட்டின் அளவு), யூனிட்ஸ் இவையெல்லாம் வரைபடத்தோடு போகிறவை, டெம்ப்ளேட் என்ற மாதிரிக் கோப்பில் ஒருமுறை போட்டுவைத்தால் போதும்.

எல்டிஸ்கேல் என்றதும் ஞாபகம் வருகிறது, ‘கோடு விட்டுவிட்டு வரவே மாட்டேங்குதுங்க’ என்று புலம்புகிறவர்கள் நிறைய. மெட்ரிக் கோடு வகையில் டேஷ்டு என்பதில் ஒரு கீற்று 12.7 அலகு, இடைவெளி 6.35. நாம் மீட்டரில் வரைகிறோம், அப்போது ஒரு கீற்றே 12.7 மீட்டர்! முப்பது மீட்டர் வரப்பில் அது எங்கே தெரியப்போகிறது. வரைகிற இடமான மாடலில் எல்டிஸ்கேலைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அச்சுக்கான தாளான லேஅவுட்டில் பிஎஸ்எல்டிஸ்கேல் 1 என்று இருந்தால் கீற்று தாளின் கணக்குக்கு வந்துவிடும். தாளின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை: மீட்டரில் வரைந்து மில்லிமீட்டர் தாளில் அச்சிடும்போது 1:1000 என்பதற்கு வியூபோர்ட்டில் (தாளில் வரைபடம் தெரிகிற சட்டம்) 1எக்ஸ்பி, அதாவது ஒரு மீட்டருக்குத் தாளில் ஒரு மில்லிமீட்டர், 1:500 என்பதற்கு 2எக்ஸ்பி. அளவுப் பட்டியலில் இதே பெயர்களில் நீங்களே சேர்த்து வைத்தால் அப்புறம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வண்ணம், கருப்புப் பின்னணி, குறுக்குக் கம்பியின் நீளம் இதெல்லாம் அவரவர் கண்ணுக்கு ஏற்ப. மஞ்சள் லேயர் திரையில் பளிச்சென்று இருக்கும், வண்ணத்திலேயே அச்சிட்டால் வெள்ளைத் தாளில் காணாமல் போகும், மோனோக்ரோம் என்ற அச்சுப் பாணியைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு இதை விட மனசு வராததற்குக் காரணம் பரப்பளவு. இந்தப் பக்கம் கேரளத்தில் ஆதாரம் என்கிற நிலப் பத்திரத்தில் ஆர் (100 சதுர மீட்டர்), அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பட்டாவில் ஹெக்டேர்-ஏர் (ஏரும் ஆரும் ஒன்றுதான்), ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் இரு மாநிலத்திலும் ஒரே கேள்விதான் கேட்பார்: ‘ஏனுங்க, மொத்தம் எத்தனை சென்ட்டுங்க வருது?’ ஆட்டோகேட்டுக்கு சென்ட் தெரியாது. ஆனால் ஃபீல்டு என்று ஒன்று இருக்கிறது, வரைபடத்திலிருந்து கணக்கை எடுத்துத் தானே எழுதிக்கொள்ளும் எழுத்து. எல்லைக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, பரப்பளவு கேட்டு, கூடுதல் வடிவமைப்பில் மாற்றுக் காரணியாக 0.0247105 கொடுத்து, பின்னொட்டாகச் ‘சென்ட்’ என்று தமிழிலேயே போட்டுவிட்டால் 1,000 சதுர மீட்டர் 24.71 சென்ட் என்று எழுதிக்கொள்ளும். இன்னொரு ஃபீல்டில் 0.01 கொடுத்தால் ஆர். வரப்பை அரை மீட்டர் நகர்த்தி ரீஜென் கொடுங்கள், இரண்டு எண்ணும் தானாக மாறும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற இடத்தில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டு நிற்கிற அவஸ்தை இல்லை. 2024 பதிப்பிலிருந்து எல்டியிலேயே ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி ஓடும் என்பதால் இதையே ஒரு சின்ன நிரலாகவும் எழுதிவிடலாம்.

எழுத்துரு விஷயத்தில் கொஞ்சம் கவனம். ஆட்டோகேட்டின் சொந்த வகையான எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருவில் தமிழும் வராது, மலையாளமும் வராது. நிர்மலா யூஐ போன்ற யூனிகோட் எழுத்துருவை வைத்தால் ஒரே பாணியில் இரண்டும் வரும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டின பழைய வரைபடத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உரிமையாளர் பெயர் ஆங்கில எழுத்துக் கூளமாகத்தான் தெரியும், அதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு முன்னால் நான் வைத்திருந்த ஒரு மலிவான வரைபட மென்பொருளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடும், அதைத் தாலுகா ஆபீஸுக்கு எப்படிக் கொடுப்பது?

குறை என்று பார்த்தால், எல்டியில் முப்பரிமாண வேலை கிடையாது, நிலத்தின் ஏற்ற இறக்கம் காட்டும் மட்டக்கோடு வரைகிறவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். புள்ளிக் கோப்பை நேராக வாங்கிக் கல் எண்ணோடு போட்டுத்தருகிற வசதி வேண்டுமென்றால் சிவில் 3டி மாதிரி சர்வேக்கென்றே செய்தது தேவை, அது விலையில் வேறு ரகம். 2022 நவம்பரில் தொடங்கிய கேரள டிஜிட்டல் மறுஅளவைக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் ஆயத்தொலைவோடு வரைபடம் கேட்கிறார்கள். ஆயத்தொலைவுக்கு உலகை மண்டலங்களாகப் பிரிக்கிற யுடிஎம் முறையில் இரு பக்கமும் 43வது மண்டலம்தான், கரூர் பக்கம் வேலைக்குப் போனால் 44. எல்டி எண்ணை எண்ணாக மட்டும் பார்க்கும், மண்டலத்தைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு வரைபடம்தான் என்றால் சந்தா கட்டாதீர்கள், யாராவது வரைந்ததைத் திறந்து அளந்து பார்க்கவும் அச்சிடவும் டிடபிள்யூஜி ட்ரூவியூ இலவசமாகவே கிடைக்கிறது.